பௌலிங் லேனில் எண்ணெயைப் படிப்பது எப்படி: புதிதாக ஆட வருபவர்களுக்கு

சொந்தமாக ஒரு பௌலிங் பந்து வாங்கி, விரலுக்கு அளவெடுத்துத் துளை போட்டு, கொஞ்ச நாள் நன்றாக ஆடியிருப்பீர்கள். திடீரென்று ஒருநாள் அதே பந்து, அதே வீச்சு, ஆனால் பந்து திரும்பவே மாட்டேன் என்கிறது. இன்னோர் அரங்கில் போட்டால் பாதி வழியிலேயே இடப்பக்கம் ஓடிவிடுகிறது. உடனே கையில்தான் கோளாறு என்று நினைப்போம், அல்லது பந்து சரியில்லை என்போம். பெரும்பாலும் இரண்டும் காரணமில்லை. லேன் மேல் பூசியிருக்கும் எண்ணெய்தான் வேறு.

பந்து எங்கே திரும்ப வேண்டும் என்று பெரும்பாலும் முடிவு செய்வது எண்ணெய். எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதில்தான் பந்துக்குப் பங்கு அதிகம். இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே சொல்வதெல்லாம் பத்து பின் பௌலிங்குக்கு, அதுவும் வலக்கை ஆட்டக்காரருக்கு. இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

லேனும் எண்ணெயும்

ஃபவுல் கோட்டிலிருந்து (வீசும்போது கால் தாண்டக் கூடாத கோடு) முதல் பின் வரை 60 அடி. அகலம் சுமார் 41½ அங்குலம், அதில் 39 பலகைகள். இன்றைய லேன்கள் பெரும்பாலும் செயற்கைப் பரப்புதான், இருந்தாலும் பலகைக் கோடுகள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். வலது கட்டரிலிருந்து, அதாவது லேன் ஓரத்துப் பள்ளத்திலிருந்து, 1, 2, 3 என்று எண்ண வேண்டும். கோட்டைத் தாண்டி ஏறத்தாழ 12 முதல் 16 அடிக்குள் ஏழு அம்புக்குறிகள் தெரியும். அவை 5, 10, 15 என்று ஐந்தைந்து பலகைக்கு ஒன்றாக இருக்கின்றன. நடு அம்பு 20-ஆம் பலகையில். பலகை எண்ணைச் சொல்லிப் பேசும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். 'கொஞ்சம் வலப்பக்கம் போட்டேன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் எதையும் திருத்த முடியாது.

லேன்கள் மரமாக இருந்த காலத்தில், தொடக்கப் பகுதியிலும் பின்கள் நிற்கும் இடத்திலும் மேப்பிள் மரம், நடுவே பைன் மரம். உருளும் பந்தின் உராய்வில் மரம் தேய்ந்து போகாமல் இருக்கத்தான் எண்ணெய் பூச ஆரம்பித்தார்கள். மரம் போய்ச் செயற்கைப் பரப்பு வந்த பிறகும் எண்ணெய் பூசுவது நிற்கவில்லை. இந்த ஆட்டத்தின் நுட்பம் முழுவதும் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டதுதான் காரணம்.

ஒரு இயந்திரம் லேன் மேல் ஓடி, பழைய எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டுப் புதியதைப் பூசுகிறது. எண்ணெய் பின்கள் வரை போகாது. பேட்டர்னை, அதாவது எண்ணெய் பூசும் வடிவத்தைப் பொறுத்து, பெரும்பாலும் 32 அடியிலிருந்து 50 அடிக்குள் எங்கேயாவது நின்றுவிடும். மீதி தூரம் உலர்ந்த பரப்பு. ஒரு லேனுக்கு மொத்தமே 20 முதல் 30 மில்லி எண்ணெய்தான் போகிறது. அந்தப் பரப்பில் பரப்பிப் பார்த்தால் சராசரித் தடிமன் சுமார் 2 மைக்ரான் வரும். மனித முடி அதைவிடப் பல மடங்கு தடிமன். அதனால் குனிந்து பார்த்து எண்ணெயின் வடிவத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பளபளப்புத் தெரியலாம், வடிவம் தெரியாது. அதைப் பந்துதான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

நன்றாக வீசிய பந்து மூன்று கட்டமாகப் போகும். முதலில் எண்ணெய் மேல் வழுக்கும். பிறகு உராய்வு கிடைத்ததும் திரும்பும். கடைசியில் முழுமையாக உருளும். மணல் கொட்டிக் கிடக்கும் சாலையில் பைக் ஓட்டியவர்களுக்கு இது புரியும்: ஹேண்டிலைத் திருப்பினாலும் டயருக்குப் பிடி இல்லை, தார் வந்ததும் சட்டென்று வண்டி திரும்பும். நீங்கள் விரலால் கொடுத்த சுழற்சி முதலிலிருந்தே பந்தில் இருக்கிறது. பிடி கிடைக்கும் இடத்தில்தான் அது வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல

நீங்கள் சாதாரணமாக ஆடும் அரங்குகளில் இருப்பது ஹவுஸ் ஷாட். நடுப்பகுதியில் எண்ணெய் மிக அதிகம், இரண்டு ஓரங்களிலும் மிகக் குறைவு. ஓரத்தைப் போல நடுவில் பத்து மடங்கு எண்ணெய் இருப்பதும் சாதாரணம். நீளம் பெரும்பாலும் 40 அடியை ஒட்டி இருக்கும். இந்த வடிவம் உங்களுக்கு உதவி செய்கிறது. குறி தவறி வலப்பக்கம் போனால் அங்கே உலர்ந்த பலகைகள், பந்து பிடித்துத் திரும்பி வந்துவிடும். இடப்பக்கம் போனால் அங்கே கனமான எண்ணெய், பந்து அதிகம் திரும்பாமல் நேராகப் போய்ப் பாக்கெட்டிலேயே (முதல் பின்னுக்கும் அதன் வலப்பக்கப் பின்னுக்கும் நடுவே) விழும். இரண்டு பக்கமும் பிழை மன்னிக்கப்படுகிறது.

போட்டிகளில் போடும் ஸ்போர்ட் பேட்டர்ன்களில் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள இந்த விகிதம் 3-க்கு 1 அல்லது அதற்கும் குறைவு. அகலம் முழுவதும் எண்ணெய் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதால், வலப்பக்கம் தவறினால் பந்து திரும்பி வராது, இடப்பக்கம் தவறினால் முதல் பின்னைத் தாண்டி ஓடிவிடும். ஹவுஸ் ஷாட்டில் 190 சராசரி வைத்திருப்பவர் இங்கே வந்து திணறுவதைப் பார்த்துத் திறமை குறைவு என்று முடிவுகட்டக் கூடாது. அவருக்குக் கிடைத்துவந்த உதவி இங்கே இல்லை, அவ்வளவுதான். புதியவர்கள் ஹவுஸ் ஷாட்டில் கற்றுக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் ஓராண்டுக்குள் ஒருமுறையாவது ஸ்போர்ட் பேட்டர்னில் ஆடிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் வீச்சு எவ்வளவு சிதறுகிறது என்பதை அது காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டாது.

இன்னொன்றும் உண்டு. வணிக வளாகங்களுக்குள் இருக்கும் சில பொழுதுபோக்கு லேன்களில் நாள்தோறும் எண்ணெய் போடுவதில்லை. அங்கே வாடகைப் பந்துகளும் பாலியெஸ்டர் என்னும் பிளாஸ்டிக்தான், எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ நேராகவே போகும். அப்படிப்பட்ட இடத்தில் லேனைப் படித்துக் கற்றுக்கொள்வது கடினம். சங்கப் போட்டிகள் நடக்கும் அரங்கு பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள்.

நீளம் தெரிந்தால் என்ன செய்வது

போட்டிகளில் பேட்டர்ன் தாள் கொடுப்பார்கள். அதில் எண்கள் நிறைய இருக்கும். புதியவருக்கு மூன்று போதும்: நீளம், மொத்த அளவு, விகிதம். அதிலும் நீளம்தான் முதலில்.

31 விதி என்று ஒன்று சொல்வார்கள். எண்ணெயின் நீளத்திலிருந்து 31-ஐக் கழித்தால் வருவது, பந்து எண்ணெயை விட்டு வெளியே வரும்போது இருக்க வேண்டிய பலகை. 40 அடி என்றால் 9-ஆம் பலகை. 35 அடி என்றால் 4, அதாவது கட்டரை ஒட்டி. 45 அடி என்றால் 14. இது கறாரான சட்டம் இல்லை, முதல் பந்தை எங்கே போடுவது என்பதற்கான தொடக்கப் புள்ளி. ஆனால் ஒன்றும் தெரியாமல் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

விதிக்குப் பின்னால் இருக்கும் காரணம் எளிது. 35 அடியோடு எண்ணெய் முடிந்தால் பந்துக்குத் திரும்ப 25 அடி உலர்ந்த தரை கிடைக்கிறது. அவ்வளவு தூரத்தில் அது நிறையத் திரும்பிவிடும். அதனால் ஓரமாக, கட்டருக்குப் பக்கத்தில் தொடங்கினால்தான் பாக்கெட்டுக்குச் சரியாக வந்து சேரும். 45 அடி வரை எண்ணெய் இருந்தால் மிஞ்சுவது 15 அடி. ஓரத்துக்குப் போன பந்துக்குத் திரும்பி வர நேரமில்லை.

நீளமான பேட்டர்னில் புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்வார்கள். பந்து திரும்பவில்லை என்றதும் இன்னும் வலப்பக்கம் தள்ளி, இன்னும் அதிகமாகச் சுழற்றிப் போடுவார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர்: கோணத்தைக் குறைத்து, உள்பக்கமாக, நேராகப் போடுங்கள். திரும்பும் தூரம் குறைவாக இருக்கும்போது பந்து கடக்க வேண்டிய பலகைகளையும் குறைத்துவிட வேண்டும்.

அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமான பிபிஏ தன் பேட்டர்ன்கள் பலவற்றுக்கு விலங்குப் பெயர்கள் வைத்திருக்கிறது. சீட்டா குட்டை, ஷார்க் நீளம், ஸ்கார்பியன் இடைப்பட்டது. பிற அரங்குகளிலும் இந்தப் பெயர்கள் காதில் விழும். நீள அளவு ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறியிருக்கிறது என்பதால் பெயரை நம்பாமல் தாளில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

பந்தின் மேற்பரப்பு

கடையில் பந்து வாங்கப் போனால் உள்ளே இருக்கும் கோர் என்னும் உட்கருவின் வடிவம் பற்றி நிறையப் பேசுவார்கள். கோர் முக்கியம்தான். பந்து எவ்வளவு சீக்கிரம் உருளத் தொடங்கும், ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடம் எவ்வளவு நகரும் என்பதெல்லாம் அதனால் வருவது. ஆனால் எண்ணெயைத் தொடுவது மேற்பரப்பு. புதியவர் முதலில் அதைப் புரிந்துகொண்டால் போதும்.

பாலியெஸ்டர், அதாவது பிளாஸ்டிக், எண்ணெயை உறிஞ்சாது, பிடியும் மிகக் குறைவு. ஸ்பேர் அடிக்க, அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய பின்களை வீழ்த்த, இதைவிட நல்ல பந்து இல்லை. எண்ணெய் எப்படி இருந்தாலும் ஒரே மாதிரி நேராகப் போகும். 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் வந்தது. முன்னதாகவே மென்மையாகத் திரும்பத் தொடங்கி, சீரான வளைவில் போகும். குட்டையான பேட்டர்ன்களில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் இதை விரும்பி எடுத்திருக்கிறார்கள், ஏனென்றால் உலர்ந்த தரையைப் பார்த்ததும் இது பதறித் திரும்பாது. 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் வந்து ஆட்டத்தையே மாற்றியது. அதன் பரப்பில் நுண்துளைகள் உண்டு. எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும், உலர்ந்த இடத்தில் பலமாகப் பிடிக்கும். ரியாக்டிவிலேயே சாலிட் வகை சீக்கிரமே பிடிக்கத் தொடங்கும். பேர்ல் வகை நீளமாக வழுக்கிப்போய்க் கடைசியில் சட்டென்று திரும்பும். ஹைப்ரிட் இரண்டுக்கும் நடுவில்.

இதற்கெல்லாம் மேலே இருப்பது சொரசொரப்பு. பந்தை 500, 1000, 2000, 3000, 4000 என்று எண்ணிட்ட தேய்ப்பு வட்டுகளால் தேய்ப்பார்கள். எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். சொரசொரப்பான பந்து எண்ணெய்க்குள்ளேயே பிடி தேடும், மெருகேற்றிய பந்து எண்ணெய் மேல் நழுவிப் போகும். ஒரே பந்தை 1000-இல் தேய்த்து ஆடிவிட்டு, பிறகு மெருகேற்றி ஆடிப் பாருங்கள், இரண்டு வேறு பந்துகள் போலவே இருக்கும். புதுப் பந்து வாங்கும் முன் இருக்கும் பந்தின் பரப்பை மாற்றிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். செலவு மிகக் குறைவு, கற்றுக்கொள்வது அதிகம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'பலமான பந்து', அதாவது தரையை நன்றாகப் பிடிக்கும் பந்து, எல்லா லேனிலும் அதிகம் திரும்பும் என்பது உண்மையில்லை. உலர்ந்த லேனில் சொரசொரப்பான பலமான பந்தைப் போட்டால் அது 25, 30 அடியிலேயே பிடித்துத் திரும்ப ஆரம்பித்து, பின்களை அடைவதற்குள் தன் சக்தியைச் செலவழித்து முடித்துவிடும். கடைசிப் பத்து அடியில் அதற்குத் திரும்பும் வேகம் மிச்சமிருக்காது. பாக்கெட்டில் விழுந்தாலும் பின்களில் மோதி வலப்பக்கம் விலகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்குப் பந்து 'திரும்பவில்லை' என்றுதான் தெரியும். அதைப் பார்த்து இன்னும் பலமான பந்தை எடுத்தால் நிலைமை மோசமாகும். எடுக்க வேண்டியது மெருகேற்றிய, பலம் குறைந்த பந்து.

பயிற்சி நேரத்தில் செய்ய வேண்டியது

போட்டிக்கு முன் கொஞ்ச நேரம் பயிற்சி கொடுப்பார்கள். அதில் ஸ்ட்ரைக் அடிக்க (ஒரே வீச்சில் எல்லாப் பின்களையும் வீழ்த்த) முயலாதீர்கள். முதலில் 10-ஆம் பலகை அம்பின் மேல், உங்கள் வழக்கமான வேகத்தில் இரண்டு பந்து போடுங்கள். அப்புறம் 15-ஆம் பலகை மேல். பிறகு 5-ஆம் பலகை மேல். வேகத்தையும் சுழற்சியையும் மாற்றவே கூடாது, மாற்றினால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகள்தான்: பந்து எந்த இடத்தில் வழுக்குவதை நிறுத்தியது? மெல்ல வளைந்ததா, வெடுக்கென்று திரும்பியதா? எந்தப் பலகையில் பின்களை அடைந்தது? 5-இல் போட்டது வேகமாகத் திரும்பி வந்து, 15-இல் போட்டது நேராகப் போனால் அது ஹவுஸ் ஷாட் வடிவம். இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் சமமான பேட்டர்ன், குறி துல்லியமாக இருக்க வேண்டும். பின்கள் விழுவதைப் பார்க்கத்தான் கண் ஓடும். அதை அடக்கி, 40 அடிப் பக்கம் பந்து என்ன செய்கிறது என்று பாருங்கள்.

பந்து திரும்பி வந்ததும் அதன் மேல் எண்ணெய் வளையங்கள் தெரியும். வளையங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி விசிறிபோல் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுப் பரப்பு தரையைத் தொட்டிருக்கிறது. எல்லாம் ஒரே பட்டையாக இருந்தால் எண்ணெய் பட்ட இடமே திரும்பத் திரும்பத் தொட்டிருக்கிறது, பிடி குறைவு. பார்த்துவிட்டு மைக்ரோஃபைபர் துண்டால் துடையுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் துடைக்க வேண்டும். துடைக்காத பந்து கொடுக்கும் தகவலை நம்ப முடியாது.

முதலில் கால், பிறகு பந்து

குறி: 1, 3 பின்களுக்கு நடுவே, ஏறத்தாழ 17½-ஆம் பலகை, சுமார் 6 பாகைக் கோணத்தில். அப்படி நுழையும் பந்து தானே தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டும்தான். மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளி விழச்செய்யும்.

பந்து இடப்பக்கம் அதிகமாகப் போய் முதல் பின்னின் முகத்தில் அடித்தால், காலை 2 பலகை இடப்பக்கம் நகர்த்துங்கள், பார்க்கும் குறியை 1 பலகை இடப்பக்கம். வலப்பக்கம் விழுந்து மெலிதாகத் தொட்டால் இதையே வலப்பக்கம் செய்யுங்கள். தவறிய பக்கத்துக்கே நகர வேண்டும், அவ்வளவுதான். அம்புகள் சுமார் 15 அடியில் இருக்கின்றன, பின்கள் 60 அடியில். காலை மட்டும் ஒரு பலகை இடப்பக்கம் நகர்த்தி அதே அம்பைப் பார்த்துப் போட்டால், பின்களிடம் பந்து ஏறத்தாழ 3 பலகை வலப்பக்கம் போய்ச்சேரும். குறியையும் சேர்த்து நகர்த்துவதால் அந்த மாற்றம் அளவோடு இருக்கும், பந்தும் அதிக எண்ணெயுள்ள பகுதிக்குள் போகும்.

கையால் திருத்தப் பார்க்காதீர்கள். வேகத்தைக் கூட்டுவதும் மணிக்கட்டை முறுக்குவதும் ஒருமுறை பலிக்கும், அடுத்த முறை பலிக்காது, எதனால் என்றும் தெரியாது. இரண்டு மூன்று முறை நகர்ந்தும் சரியாகவில்லை என்றால்தான் பந்தை மாற்ற வேண்டும்.

நின்றுவிட்ட பின்களும் பேசும். 4-ஆம் பின் தனியாக நின்றாலோ, 4-உம் 9-உம் நின்றாலோ பந்து இடப்பக்கம் மிகுந்து விழுந்திருக்கிறது. 2, 4, 5, 8 கூட்டமாக நின்றால் மிகவும் வலப்பக்கம், மெலிந்த அடி. வலக்கைக்காரர்களை அதிகம் வாட்டுவது 10-ஆம் பின். அது நிற்கும்போது 6-ஆம் பின் எங்கே போனது என்று பாருங்கள். 6 பறந்து 10-ஐச் சுற்றிப் போயிருந்தால் பந்தில் சக்தி இருக்கிறது, சிறு நகர்வு போதும். 6 வலுவில்லாமல் கட்டரில் விழுந்து கிடந்தால் பந்து சக்தி இழந்து வந்திருக்கிறது. எண்ணெய் தீர்ந்த பாதையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது பந்து அந்த லேனுக்குப் பொருந்தவில்லை.

ஆட ஆட லேன் மாறும்

ரியாக்டிவ் பந்துகள் எண்ணெயை உறிஞ்சி எடுத்துக்கொண்டே போகின்றன. எல்லோரும் 10-ஆம் பலகையை ஒட்டி ஆடினால் அந்தப் பாதை சில ஆட்டங்களிலேயே காய்ந்துவிடும். முதல் ஆட்டத்தில் பாக்கெட்டில் விழுந்த வீச்சு மூன்றாவதில் முதல் பின்னின் முகத்துக்குப் போவது இதனால்தான். அப்போது இடப்பக்கம் நகர்ந்து, எண்ணெய் மிச்சமிருக்கும் பலகைகளைத் தேடிப் போக வேண்டும். பிளாஸ்டிக், யூரித்தேன் பந்துகள் அதிகம் ஓடும் லேனில் வேறு மாதிரி நடக்கும்: அவை உறிஞ்சாமல் எண்ணெயை முன்னே இழுத்துக்கொண்டு போய் உலர்ந்த பகுதியில் பூசிவிடும், பந்து தாமதமாகத் திரும்பத் தொடங்கும்.

சங்கப் போட்டிகளில் இரண்டு லேன்களில் மாறி மாறி ஆடுவீர்கள். ஒரே இயந்திரம் ஒரே எண்ணெயைப் பூசியிருந்தாலும் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. இடது லேனுக்கு ஒரு குறிப்பு, வலது லேனுக்கு ஒரு குறிப்பு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வாங்குவது, எப்படிப் பராமரிப்பது

முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பேர் பந்து. அதோடு நடுத்தர பலமுள்ள ஒரு ரியாக்டிவ், சாலிட் அல்லது ஹைப்ரிட், 2000 அல்லது 3000 பரப்பில். இந்த இரண்டும் ஹவுஸ் ஷாட்டுக்குத் தாராளம். கடையில் இருப்பதிலேயே பலமான பந்தை முதல் பந்தாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கனமான எண்ணெய் இல்லாத லேனில் அதைக் கட்டுப்படுத்துவது அனுபவசாலிகளுக்கே சிரமம்.

அமெரிக்க பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசி விதிப்படி, போட்டி தொடங்கிய பிறகு பந்தின் பரப்பைத் தேய்க்கக் கூடாது. துடைக்க உலர்ந்த துண்டு போதும். தேய்ப்பதாக இருந்தால் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்த உடனே, பந்தில் எண்ணெய் ஊறுவதற்கு முன், பந்துக்கான துப்புரவுத் திரவம் போட்டுத் துடையுங்கள். நிறைய ஆட்டங்கள் ஆடிய ரியாக்டிவ் பந்து பழையபடி திரும்பாமல் போனால், உள்ளே ஊறிய எண்ணெயை எடுத்துத் தர பந்துக்குத் துளை போடும் கடைகளில் கேளுங்கள்.

வெயில் கடுமையான ஊர்களில் இருப்பவர்கள் பந்தைக் கார் டிக்கியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. சூட்டில் மேற்பரப்பு வெடித்துவிட்டால் அந்தப் பந்தைச் சரிசெய்வது கடினம். ஆடி முடித்து வீட்டுக்கு வந்ததும் பையோடு எடுத்துக்கொண்டு போய் அறைக்குள் நிழலில் வையுங்கள்.